முப்பத்துநாலு பல் சக்கரம்

பவானிப் பாலம் தாண்டி, பாக்குத்தோப்புகள் முடிந்து ஏற்றம் தொடங்குகிற இடத்தில் கோத்தகிரி பஸ்ஸின் டிரைவர் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கினார். பல்லும் பல்லும் ஒரு கணம் உரசி, பிறகு கவ்விக்கொண்டன. அந்த உரசல் முன்சீட்டுக் கம்பி வழியாகச் சென்னியப்பனின் உள்ளங்கைக்கு வந்தபோதுதான் செயின் ஞாபகம் வந்தது. செயினை மாற்றவில்லை. முதலில் அது வீட்டு வாசல் லைட்டை அணைத்தோமா என்பதுபோல ஒரு சாதாரண நினைப்பாகத்தான் வந்தது. நேற்றுச் சாயங்காலம் மனைவி பூங்கோதையின் சைக்கிளில் பின்சக்கரத்துப் பல்லடுக்கைக் கழற்றிவிட்டு வேறு அடுக்கு மாட்டியிருந்தான். பழையதில் இருந்த பெரிய சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல். புதியதில் முப்பத்துநாலு. பின்னால் பல் கூடக்கூட மிதிக்க லேசாக இருக்கும், மலைக்கு அதுதான் வேண்டும், அதற்காகத்தான் மூன்று வாரமாகத் தேடி வாங்கியது. ஆனால் ஆறு பல் கூடிவிட்டால் அதைச் சுற்றிவர செயினுக்கும் நீளம் கூட வேண்டாமா? இரண்டு கண்ணியாவது, மூன்று கண்ணியாவது. செயின் அதே பழைய செயின், பழைய நீளம். முன்னால் மிதிக்கும் பக்கத்தில் இரண்டு சக்கரம் உண்டு, ஐம்பது பல் ஒன்று, முப்பத்துநாலு பல் ஒன்று. சின்னதில் இருந்தால் ஒன்றுமில்லை. ஐம்பதில் இருக்கும்போது பின்னால் அந்தப் பெரிய முப்பத்துநாலுக்குத் தள்ளினால் செயின் எட்டாது. எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்க ஆரம்பித்தான். பின்சக்கரத்தில் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிக் கொடுக்கும் இரும்புக் கை முன்பக்கமாக இழுபடும். மிதிக்கிறவள் மிதித்துக்கொண்டிருப்பாள். கை முறிந்து சக்கரத்துக் கம்பிகளுக்குள் போகும். ஓடுகிற சக்கரம் அப்படியே நிற்கும்.

மணி எட்டு இருபது. அவள் ஆறரைக்கே கிளம்பியிருப்பாள். கோயமுத்தூர் சைக்கிள்காரர்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்துகிற சைக்கிள் மலையேற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, முப்பத்துமூன்று கிலோமீட்டர், பத்தரைக்குள் மேலே போய்ச் சேர வேண்டும். அதைப் பார்க்கத்தான் இரவு ஷிப்ட் முடிந்து நேரே இந்த பஸ் ஏறியிருந்தான். போன வருஷம் முள்ளூரில் முட்டி வலித்து நின்றவளைப் பின்னால் வந்த வேனில் ஏற்றிவிட்டார்கள். வேனில் அவளோடு உட்கார்ந்திருந்த மூன்று பேரும் காலேஜுப் பையன்கள், சிரித்துக்கொண்டே வந்தார்களாம், அதை மட்டும் அவள் நாலைந்து தடவை சொன்னாள். நாற்பத்தைந்து வயசு, அரசு உயர்நிலைப்பள்ளியில் பி.டி. டீச்சர், விசிலை வாயில் வைத்தால் மைதானமே நிற்கும், அவளை வேனில் ஏற்றிக் கம்பளியைப் போர்த்திவிட்டார்களாம். கம்பளி என்று சொல்லும்போது அவள் முகம் போன போக்கு. அதற்காகத்தான் முப்பத்துநாலு. அதற்காகத்தான் அவன் மில்லில் இரவு ஷிப்டில் டீ குடிக்கிற பத்து நிமிஷத்தில் பீடிக்கட்டு அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டான். முன்னால் இருக்கிற முப்பத்துநாலைப் பின்னால் இருபத்தெட்டால் வகுத்தால் ஒன்று புள்ளி இரண்டு ஒன்று. முப்பத்திரண்டால் வகுத்தால் ஒன்று புள்ளி பூஜ்யம் ஆறு. முப்பத்துநாலை முப்பத்துநாலால் வகுத்தால் ஒன்று. சுத்தமான ஒன்று. கால் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. அந்த ஒன்றைப் பார்த்ததும் அவனுக்கு உண்டான சந்தோஷம். அதுதான் கண்ணை மறைத்தது. சின்ன சக்கரத்தில் வைத்துச் சுற்றிப்பார்த்தான், அந்த ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையில் சுண்ணாம்புக் கோடு, சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு, கையால் ஒரு சுற்று. இரண்டு கோடும் சேர்ந்து புறப்பட்டுச் சேர்ந்து வந்து நின்றன. பூங்கோதையைக் கூப்பிட்டுக் காட்டினான். தோசைக்கரண்டியோடு வந்து பார்த்து, "அட" என்றாள். அதற்குள் மில் வேன் ஹாரன் அடித்துவிட்டது. ஐம்பதில் வைத்துச் சுற்றிப் பார்த்தானா? பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான். பார்த்திருந்தால் ஒரே சுற்றில் தெரிந்திருக்கும்.

"அண்ணா, பைப்பு இடிக்குதுங்களா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். கோத்தகிரியில் ஏதோ பங்களாவுக்குக் குழாய் போடப் போகிறவர், நடைபாதை நீளத்துக்குப் பிளாஸ்டிக் பைப்புகளைக் கட்டாகப் படுக்கவைத்திருந்தார். "இல்லீங்க" என்றான். "மூஞ்சி வேர்த்திருக்குது. காத்தடிக்குது, உங்களுக்கு மட்டும் வேர்க்குது. ராத்திரி ஷிப்டுங்களா?" "ஆமாங்க." "ஜன்னலுப் பக்கம் வேணா வாங்க, வாந்தி கீந்தி வந்தாலும் வசதி." அவன் இடம் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். போன் எடுத்து அவள் எண்ணை அழுத்தினான். எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. தமிழில் சொல்லி, இங்கிலீஷில் சொல்லி, மறுபடி தமிழுக்கு வந்தது. மணி அடித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஏற்றத்தில் போன் அடித்தால் முதுகுப் பையில் இருப்பதை எடுக்க ஒரு கையை விடுவாள், சமாளிக்க முடியாமல் லேசான கியருக்குத் தட்டுவாள், லேசான கியர் எது, அதுதான். அவன் போனைப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடி எடுத்தான். சாலையோரம் இன்னும் ஒரு சைக்கிள்கூட இல்லை. இங்கே இருக்க மாட்டார்கள், எல்லாரும் எப்போதோ இதைத் தாண்டிப் போயிருப்பார்கள். அதுதான் அவனைப் பிடுங்கியது. இங்கேதான், தோப்பு முடிந்து ஏற்றம் துவங்குகிற இந்த இடத்தில்தான், அது நடக்க வேண்டுமானால் நடந்திருக்கும். சமதரையில் ஐம்பதில் வருவாள். ஏற்றம் காலைப் பிடிக்கும். முன்னால் சின்னதுக்கு இறக்க அவளுக்குப் பயம், இரண்டு மாசத்துக்கு முன்பு காரமடையில் அப்படி இறக்கும்போது செயின் கழன்று முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். அதனால் பின்னால்தான் ஒவ்வொன்றாகத் தட்டுவாள், கடைசி வரை தட்டுவாள். அவன்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தான். என்ன சொன்னான்? நேற்று, மிதிகட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. முன்னாடி மாத்த மறந்துட்டாலும் பயப்படாத, பின்னாடி முப்பத்துநாலு இருக்குது, அது பாத்துக்கும். அது பாத்துக்கும் என்றான். ஆக, நடந்திருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. நடக்கவில்லை என்றால் நடக்கவில்லை. இரண்டில் ஒன்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது, இவன் ஒருவனுக்குத்தான் இன்னும் தெரியாது. டிக்கெட் எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்து, மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் அதைத் தெரிந்துகொள்ளப் போய்க்கொண்டிருக்கிறான்.

முப்பது வருஷம் பல்சக்கரத்தோடு கிடந்தவன் இப்படி ஒரு தப்புப் பண்ணலாமா என்று யாராவது கேட்டால், முப்பது வருஷம் கிடந்ததால்தான் பண்ணினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மில்லில் நூல் நம்பர், அதாவது நூலின் கனம், மாற வேண்டுமானால் நூற்கிற மெஷினான ரிங் ஃப்ரேமின் ஓரத்தில் கதவைத் திறந்து ஒரு சக்கரத்தை மாற்றுவார்கள். நாற்பத்தொன்றை எடுத்துவிட்டு நாற்பத்துமூன்று. பல்லோடு பல் நேரே கடிக்கும், நடுவில் செயின் என்கிற பேச்சே கிடையாது. சக்கரம் பெரிசானால் தாங்குகிற கட்டையைக் கொஞ்சம் தள்ளி வைப்பான், இரண்டு பல்லுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற அளவு இடம் விட்டுப் போல்ட்டை முறுக்குவான், அவ்வளவுதான். எந்தப் பல்லையும் எந்தப் பல்லோடும் சேர்க்கலாம், கணக்கு சரியாக இருந்தால் போதும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, மெஷினோடு வந்த ஒரு கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு வகுத்தலும் பெருக்கலும் தானாகப் படித்தவன். மேலதிகாரிகளான மாஸ்டர்களே இவனிடம் வந்து, சென்னியப்பா, இதுக்கு எத்தனை பல் போடலாம் என்று கேட்டிருக்கிறார்கள். இவன் மனசிலேயே வகுத்துச் சொல்லுவான். அந்தத் தலைக்கனத்தோடுதான் நேற்று ஸ்பேனரை எடுத்தான். வகுத்தான், சரியாக வந்தது, மாட்டினான். மூன்று தசமம் வரை சரி. மெக்கானிக் கடையில் பஞ்சர் ஒட்டுகிற எவனாவது இருந்திருந்தால், அவனுக்கு வகுத்தல் தெரியாது, ஆனால் முதல் வேலையாகச் செயினை இழுத்துப் பார்த்திருப்பான்.

கண்டக்டர் பைப்புகளைத் தாண்டித் தாண்டி வந்து இவன் பக்கத்தில் நின்று சில்லறையைப் பைக்குள் கொட்டிக்கொண்டார். "இன்னைக்குப் பூரா சைக்கிளுங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் போனா எப்பப் போய்ச் சேர்றது. முக்காவாசிப் பேரு தள்ளீட்டுத்தான் வர்றாங்க. தள்ளறதுக்கு எதுக்குங்க சைக்கிளு, பஸ்ஸுலயே வந்துரலாம்ல" என்றார். பைப்புக்காரர் சிரித்தார். "மொத டிரிப்பு போன வண்டிக்காரங்க சொன்னாங்க" என்று கண்டக்டர் தொடர்ந்தார், "காத்தால ஏத்தம் புடிக்கற எடத்துலயே ஒருத்தரு விழுந்துட்டாங்களாமா. ஆம்புலன்ஸ் வந்து தூக்கீட்டுப் போச்சாம்."

சென்னியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"அது கேக்கலைங்க. எல்லாம் ஒரே மாதிரி தலைக்குத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கால ஒட்டுன டவுசரு. யாரு கண்டாங்க."

"என்ன கலரு சட்டை?"

"நான் பாக்கலைங்களே, அவங்க சொன்னதுதான்." கண்டக்டர் இப்போதுதான் அவனை முழுசாகப் பார்த்தார். "ஏனுங்க, வேண்டியவங்க யாராச்சுமுங்களா?"

"சம்சாரம்."

கண்டக்டர் பையின் வாயை மூடினார். பிறகு எதையாவது சொல்லித்தானாக வேண்டும் என்பதுபோல, "எங்கூட்டுல நாலு படி ஏறச் சொன்னாவே முட்டி போச்சுங்குது. உங்க சம்சாரம் மலையே ஏர்றாங்க. ஒண்ணும் ஆயிருக்காதுங்க" என்றார். "குஞ்சப்பனை செக்போஸ்ட்டுல எறங்கற வண்டி நிக்கும், கேட்டுச் சொல்றனுங்க."

குஞ்சப்பனைக்கு இன்னும் இருபது நிமிஷம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வளைவுகள். வளைவுக்கு வளைவு டிரைவர் இரண்டுக்கும் ஒன்றுக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு மாற்றத்திலும் அந்த உரசல், அந்த உரசலில் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு கை உள்ளே போவதுபோல இருந்தது. கை. இதற்குத்தான் அவன் இவ்வளவு நேரமாகப் பயந்துகொண்டிருந்தான், இந்த நினைப்பு வந்துவிடும் என்று. மில்லில் கூட வேலை பார்த்த மயிலாத்தாளின் கை. பதிமூன்று வருஷம் ஆயிற்று. அன்றைக்கும் நம்பர் மாற்றினான், பல் சரி, கணக்கு சரி, தாள் கனத்து இடைவெளி சரி. கதவைச் சாத்தினான். கொக்கியைப் போட்டானா? சாத்தின ஞாபகம் இருக்கிறது, கொக்கி விழுந்த சத்தம் ஞாபகம் இல்லை. அடுத்த மெஷினுக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்து மயிலாத்தாள் பிரஷ் வைத்துப் பஞ்சுத்தூசி தட்டிக்கொண்டு அந்த ஓரம் வந்திருக்கிறாள், மெஷின் அதிர்வில் கதவு தானாகத் திறந்திருக்கிறது. இரண்டு விரல். விசாரணையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி, சாட்சி என்று போட்ட இடத்தில் இவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். போட்டான். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போனபோது அவள், நீங்க என்னங்கண்ணா பண்ணுவீங்க, என் கெரகம் என்றாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கொக்கிய நான் போடலீங்க மயிலு, மறந்துட்டேன். ஐந்தே சொல். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவளுடைய நல்ல கையில் கொடுத்தான். பூங்கோதையிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லையே தவிர, அன்றிலிருந்து படுக்கப் போகும் முன் கேஸ் அடுப்பின் திருகை நாலு தடவை பார்க்கிறான், வாசல் தாழ்ப்பாளை மூன்று தடவை இழுக்கிறான், பூங்கோதை படுக்கையில் இருந்தபடியே, பூட்டித்தான் இருக்குது, வந்து படுங்க என்பாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இருபத்துமூன்று வருஷம் ஒரு வீட்டில் இருக்கிறவள், ஒன்றைக் கேட்கவே இல்லையென்றால் அது தெரியாததாலா, தெரிந்ததாலா?

ஒரு வளைவில் முதல் சைக்கிள் தென்பட்டது. தடித்த மனிதர், தள்ளிக்கொண்டு போனார். அடுத்து இரண்டு பேர், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஒரு பெண், சென்னியப்பன் தலையை வெளியே நீட்டினான், இல்லை, சின்னப் பெண், நீலச் சட்டை. பூங்கோதைக்கு ஆரஞ்சு நிறச் சட்டை. வாங்கும்போது, எதுக்கு இந்தக் கலரு, ரோட்டுல வேல பாக்கறவங்க மாதிரி என்று இவன் சொன்னதற்கு, லாரிக்காரன் கண்ணுக்குப் படணுமல்ல என்றாள். பலாமரங்கள் வந்தன, பழுத்த வாசனை பஸ்ஸுக்குள் புகுந்தது. கடைசியாகத் தூங்கினது வெள்ளிக்கிழமை மத்தியானம். கண்ணை மூடினால் ஆரஞ்சு, திறந்தால் பச்சை. அவள் மெதுவாகத்தான் வருவாள், மெதுவாக வந்தால் நின்ற சக்கரத்தோடு பக்கவாட்டில்தான் விழுவாள், தோள், இடுப்பு, பெரிசாக ஒன்றும் இருக்காது. பின்னால் லாரி இல்லாதவரை. இல்லாதவரை என்று நினைத்ததும் எதிர்ப்பக்கம் இறங்கி வந்த லாரியின் சக்கரத்தையே பார்த்தான், அது தாண்டிப்போகும் வரை பார்த்தான்.

செக்போஸ்ட்டில் வண்டி நின்றது. கண்டக்டர் இறங்கி எதிரே நின்ற பஸ்ஸின் ஜன்னலருகே போனார். அங்கிருந்த கண்டக்டர் ஏதோ சொல்ல இவர் தலையாட்டினார். தலையாட்டுவதை வைத்து எதையும் சொல்ல முடியாது, நல்லதுக்கும் அப்படித்தான் ஆட்டுவார்கள், கெட்டதுக்கும் அப்படித்தான். திரும்பி வந்து படியில் கால் வைக்கும்போதே, "ஆம்பளைங்க" என்றார். "காலேஜுப் பையனாமா, தோள்பட்டை எலும்பு. பேசீட்டுத்தான் போனானாம்." பைப்புக்காரர் சென்னியப்பனின் தொடையில் தட்டினார். "பாத்தீங்களா. நான் சொல்லல?" அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சென்னியப்பன் இரண்டு வளைவு தூரத்துக்குக் காற்றை உள்ளே இழுத்து வெளியே விட்டான், அந்தப் பையனின் அம்மாவை நினைத்து ஒரு கணம் வெட்கப்பட்டான், மூன்றாவது வளைவில் மறுபடியும் தொடங்கிவிட்டது. சரி, தோப்பில் விழவில்லை. அப்படியென்றால் சின்ன சக்கரத்துக்கு இறக்கிவிட்டாள், தைரியமாக இறக்கிவிட்டாள். மலை பூராவும் சின்னதில் ஏறுவாள். ஆனால் முள்ளூர் தாண்டினால் ரோடு கொஞ்சம் சமமாகும், அரவேணு பக்கம் ஒரு இறக்கம்கூட உண்டு, அங்கே அவளுக்கு உற்சாகம் பிறக்கும், மறுபடி ஐம்பதில் போடுவாள், அவளுக்கு ஐம்பது பிடிக்கும், சின்னது குழந்தைங்க ஓட்டறதுங்க என்பாள். ஐம்பதில் இறங்கி வந்து, உடனே அடுத்த ஏற்றம், பின்னால் தட்டுவாள், தட்டுவாள். இன்னும் நடக்கவில்லை, அதனால் இனிமேல் நடக்கலாம். முன்பு முடிந்துபோனதைத் தெரிந்துகொள்ளப் போய்க்கொண்டிருந்தான். இப்போது தடுக்கலாம், தடுக்க முடியும், அதனால் பஸ் முன்பைவிட மெதுவாகப் போவதுபோல இருந்தது.

முள்ளூருக்கு முந்தின ஏற்றத்தில் ஆரஞ்சு தெரிந்தது. கொஞ்ச தூரத்திலேயே முதுகு தெரிந்துவிட்டது, இடது தோளைக் கொஞ்சம் இறக்கி வைக்கிற முதுகு. பஸ் ஹாரன் அடித்து அவளை மெதுவாகத் தாண்டியது. சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தான். செயின் முன்னால் சின்ன சக்கரத்தில் இருந்தது. பின்னால், அவன் கண்ணைச் சுருக்கினான், பின்னால் பெரிய சக்கரம் காலியாக இருந்தது. அவன் நேற்றுப் போட்ட கிரீஸ் கலையாமல் வெயிலில் மின்னியது. செயின் அதற்கு அடுத்ததில் இருந்தது, முப்பதில். அவள் கால் ஒவ்வொரு சுற்றும் மேலே வந்து ஒரு கணம் நின்று, உடம்பையெல்லாம் அதன்மேல் போட்டபிறகுதான் கீழே போயிற்று. இவ்வளவு கஷ்டத்தில் ஏன் கடைசிப் பல்லுக்குப் போகவில்லை? கத்திக் கூப்பிட வாயைத் திறந்தான். கத்தினால் திடுக்கிட்டு எதையாவது தட்டுவாள். வாயை மூடிக்கொண்டான். எழுந்து பைப்புகள்மேல் மிதித்துக்கொண்டு முன்னால் போனான்.

"இங்க ஸ்டாப்பிங் இல்லீங்க" என்றார் கண்டக்டர்.

"பின்னாடி வர்றது எங்கூட்டுக்காரிங்க."

கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். "அதான் நல்லா வர்றாங்களே. எறங்குங்க, எறங்கி ஒரு கை குடுங்க" என்றார்.

பஸ் போன பிறகு அந்த வளைவில் சத்தமே இல்லை. டீத்தோட்டத்தில் எங்கோ தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் வருவதற்கு ஒன்றரை நிமிஷம் ஆயிற்று. முதலில் மூச்சுச் சத்தம், பிறகு செயின் சத்தம், பிறகு அவள். இவனைப் பார்த்ததும் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை, நிற்கவில்லை. அவன் பக்கத்தில் நடந்தான். வேகமாக நடந்தால் போதுமாக இருந்தது, ஓட வேண்டியிருக்கவில்லை.

"தொடாதீங்க" என்றாள். "தொட்டா லிஸ்ட்டுலருந்து எடுத்துருவாங்க."

"தொடல. கோதை, முன்னாடி பெருசுல இருக்கறப்ப பின்னாடி கடைசிக்குத் தட்டீராத. செயின்..."

"போகாது."

"என்ன போகாது?"

இரண்டு மிதி. "கடைசிக்குப் போகாது. அடைச்சாச்சு." இன்னும் இரண்டு மிதி. "நேத்து நீங்க போன பொறகு பெருசுல போட்டுச் சுத்திப் பாத்தேன். கை இழுத்துட்டு அப்படியே நின்னுது. காத்தால ஸ்டார்ட்டுல ஒருத்தரு ஸ்குரூவ முறுக்கிக் குடுத்தாரு. முப்பதோட சரி."

அவன் கூடவே நடந்தான். அப்படியென்றால் தோப்பு முடிந்த இடத்திலிருந்து இதுவரை அவளுக்கு முப்பத்துநாலு இல்லவே இல்லை. அவன் கண்டுபிடித்த அந்த ஒன்று இல்லவே இல்லை. முப்பதில் ஒவ்வொரு மிதிக்கும் நூற்றுக்குப் பதிமூன்று பாரம் கூட. இதுவரை எத்தனை மிதி, எட்டாயிரம் இருக்கும், எட்டாயிரம் தடவை அந்தப் பதிமூன்றை அவள் முட்டி தூக்கியிருக்கிறது. போன வருஷம் நின்றுபோன முட்டி.

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல" என்றான்.

"போட்டா?" அவள் திரும்பவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "ராத்திரி பூரா இதையே நெனச்சுட்டு மெஷினுக்குள்ள கைய வெப்பீங்க. வேணுங்களா எனக்கு அது?"

தண்ணீர்ச் சத்தம் பின்னால் போய்விட்டது. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவன் யோசிக்கப் போய், யோசிக்கவில்லை. பதிமூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல் அது, எந்த ஏற்பாடும் இல்லாமல், மூச்சு வாங்குகிற இடைவெளியில் வெளியே வந்தது.

"மறந்துட்டேன் கோதை."

"ம்."

"செயின மட்டும் சொல்லல."

மிதி கீழே போயிற்று, மேலே வந்தது. "தெரியும்" என்றாள். பிறகு, "மணி எத்தன?"

"ஒம்பது பதினாலு."

"பத்தரைக்குள்ள போயிருவனா? கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

ஒன்பது கிலோமீட்டர். முள்ளூர் வரைக்கும் இதே வேகம். அதற்கப்புறம் சமம், இறக்கம், கடைசியில் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். அவன் மனசுக்குள் வகுத்தான். ஒரு நிமிஷத்துக்குக் குறைவாகவும் வந்தது, ஒரு நிமிஷத்துக்கு மேலாகவும் வந்தது. முட்டியைச் சேர்த்தால் கணக்கே வரவில்லை.

"தெரியலயே" என்றான்.

அவள் சிரித்ததுபோல இருந்தது, மூச்சாகவும் இருக்கலாம். பின்னால் அந்த வேன் மெதுவாக வந்துகொண்டிருந்தது, ஜன்னலில் மடித்த கம்பளி தெரிந்தது. அவள் இடது தோளை இறக்கிக்கொண்டாள். "நின்னுக்கோங்க, கூடவே வந்தா வேன்காரங்க ஏதாச்சும் சொல்லுவாங்க" என்றாள். ஒரு சைக்கிள் நீளம் முன்னால் போனபிறகு, கழுத்தைத் திருப்பாமலேயே, "ஏனுங்க, நாளைக்குச் செயினு வாங்கிப் போட்டுருங்க. எனக்கு அந்த முப்பத்துநாலு வேணும்" என்றாள்.

அவன் நின்றான். வேன் அவனைத் தாண்டிப் போயிற்று. அவள் கால் மேலே வருவதை எண்ண ஆரம்பித்தான், ஒன்று, இரண்டு, வளைவு திரும்பும் வரை எண்ண வேண்டும் என்று. பதினேழில் கண் மங்கிவிட்டது. அதற்குப் பிறகு எண்ணாமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான். ஆரஞ்சு மறைந்தது. பின்னாலேயே வேனும் மறைந்தது. அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆகும். அவன் மேலே பார்த்து நடக்கத் தொடங்கினான்.